நம்ம ஊர்ச் சூட்டில் பன்னும் பிரெட்டும்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மிணி கேட்ட கேள்வி இது: “அக்கா, எங்க வீட்ல ரெண்டு பசங்களும் பேக்கரி பன்னுக்கு உயிரை விடறாங்க. வீட்டுலயே செஞ்சு தரலாம்னு ஓ.டி.ஜி.ங்கிற கரண்ட் அடுப்பு வாங்கி மூணு தடவை பார்த்துட்டேன். முதல் தடவை மாவு பொங்கவே இல்லை. ரெண்டாவது தடவை நல்லாப் பொங்குச்சு, ஆனா அடுப்புல வெச்சதும் அமுங்கிப்போயி கள்ளு வாசம் அடிச்சுது. மூணாவது தடவை கல்லு மாதிரி ஆயிருச்சு. அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன். ஒரு மணி நேரம் வைக்கணும்னாங்க, அதையும் வெச்சேன். எங்க தப்பு? கோதுமை மாவுல செய்யலாமா? ஞாயித்துக்கிழமை செஞ்சா திங்கக்கிழமை டிபன் பாக்ஸுக்கு ஆகுமா?”

அம்மிணி, அளவில் தப்பில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். முதல் இரண்டு தடவையும் கெடுத்தது சூடு. மூன்றாவது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். நான் ஈரோட்டில் இருக்கிறேன், இருபது வருசமாக இதே வெயிலில்தான் வீட்டுக்கு பிரெட் போடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் எங்கள் வீட்டிலும் நடந்தவைதான்.

முதலில் ஒன்று. இந்த வேலைக்கு நீங்கள் புதிது இல்லை. இட்லிக்கு மாவாட்டுகிறீர்கள் அல்லவா? சித்திரையில் சாயந்திரம் ஆறு மணிக்கு ஆட்டிய மாவைப் படுக்கப் போகும் முன்பே பிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுவோம். மார்கழியில் அதே மாவை அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தாலும் விடியற்காலையில் பாதிதான் வந்திருக்கும். எங்கள் அமுச்சி (பாட்டி) மாவுக் குண்டாவைத் திறந்து, கரண்டியை ஓரமாக விட்டு லேசாகத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே வலை பின்னினாற்போல் குமிழி தெரிந்தால் “ஆச்சு கண்ணு, எடுத்து வை” என்பார். எத்தனை மணிக்கு ஆட்டியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் பிரெட் என்று வந்துவிட்டால் நாம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். செய்முறைகளில் வரும் அந்த ஒரு மணி நேரக் கணக்கு 22, 24 டிகிரி இருக்கும் சமையலறைக்கு உரியது. சித்திரை வைகாசியில் நம் சமையலறை 34 டிகிரிக்குக் குறைவாக இருப்பதே அபூர்வம். பக்கத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால் அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்து வேலை அரை மணியில் முடிந்துவிடும். மீதி அரை மணி நேரம் மாவு கெட்டுக்கொண்டிருக்கும்.

ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை, உயிருள்ளது. மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடுகிறது. வாயு மாவைத் தூக்குகிறது, ஆல்கஹாலில் பெரும்பகுதி வேகும்போது ஆவியாகிப் போய்விடுகிறது. கள்ளைப் புளிக்க வைப்பதும் இதே ஈஸ்ட் இனம்தான். அதனால் உங்களுக்குக் கள்ளு வாசம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கோவாவில் அந்தக் காலத்தில் கள்ளை விட்டுத்தான் பிரெட் மாவு பிசைந்தார்கள். ஆப்ப மாவுக்குக் கள் விடுவதும் அதே கணக்குதான். இட்லி மாவில் முக்கால்வாசி வேலையைச் செய்வது ஒருவகை பாக்டீரியா, அது வேறு. அங்கே வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. பிரெட்டில் அந்த வேலையைச் செய்வது குளூட்டன் என்ற புரதம். மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதுதான்.

இப்போது உங்கள் முதல் தடவைக்கு வருவோம். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஈஸ்ட்டைப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் யாருடைய கை? தோசைக் கல்லிலிருந்து விரலாலேயே தோசையை எடுத்துப் போடும் கை நம்முடையது. இட்லித் தட்டை வெறும் கையால் தூக்குகிறோம். ஒருநாள் சந்தேகம் வந்து, “இது வெதுவெதுப்புதான்” என்று என் விரல் சொன்ன பாலில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 56 காட்டியது. ஈஸ்ட் 55, 60 டிகிரியில் செத்துப்போகும். எத்தனை பாக்கெட்டை இப்படிக் கொன்றிருப்பேனோ! விரலை நம்ப வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குழந்தைக்குப் பால் ஆற்றும்போது பார்ப்போமே, அதேபோல. சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் சமையல் தெர்மாமீட்டர் கிடைத்தால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை.

பாலைக் காய்ச்சுவது நல்லதுதான். பச்சைப் பாலில் இருக்கும் சில புரதங்கள் குளூட்டனைத் தளர்த்திவிடும், காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடுகிறது. நம் வீடுகளில் பச்சைப் பாலை யாரும் அப்படியே ஊற்றுவதில்லை, அதனால் இந்தக் கவலை நமக்கு இல்லை. காய்ச்சி முழுக்க ஆறவிட வேண்டும், அவ்வளவுதான்.

பால் ஆறிய பிறகும் கேள்வி இருக்கிறது. எவ்வளவு ஆற வேண்டும்? இதற்கு பேக்கரிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம். பிசைந்து முடித்த மாவின் உள்சூடு 26 டிகிரி இருந்தால் அது நிதானமாகப் பொங்கும், ருசியும் பிடிக்கும். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து சமையலறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழியுங்கள். பிசையும்போது ஏறும் சூட்டுக்கு இன்னும் ஒரு 2 கழியுங்கள். மீதி வருவது பாலோ தண்ணீரோ இருக்க வேண்டிய சூடு. சித்திரையில் சமையலறை 34, டப்பாவிலிருக்கும் மைதா 33 என்று வைத்துக்கொள்வோம். 78-இல் 67 போக 11, அதிலும் 2 போக 9. அதாவது பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்ற வேண்டும்! மார்கழியில் கோயமுத்தூர்ப் பக்கம் விடியற்காலையில் வீடும் மாவும் 22 இருந்தால், 78-இல் 46 போக 32, அப்போதுதான் வெதுவெதுப்பு. எல்லாச் செய்முறையிலும் வரும் வெதுவெதுப்பான பால் நமக்கு வருசத்தில் ரெண்டு மாசத்துக்குத்தான் பொருந்தும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட வருசத்திலிருந்துதான் சித்திரையிலும் என்னால் பிரெட் போட முடிந்தது.

குளிர்ந்த பாலில் ஈஸ்ட் கரையுமா என்று கேட்பீர்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று போட்டிருந்தால், ரவையைவிடப் பொடியாக இருக்கும், மாவிலேயே கலந்துவிடலாம், ஊறவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொடியின் மேல் நேராக ஐஸ்பாலை ஊற்றாதீர்கள், முதலில் மாவோடு நன்றாகக் கலந்துவிடுங்கள். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் கொஞ்சம் பெரிய குருணையாக இருக்கும். அதை மட்டும் 40 டிகிரி சூட்டில் ரெண்டு ஸ்பூன் தண்ணீரில், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு சேர்க்க வேண்டும். இன்ஸ்டன்ட் 5 கிராம் என்றால் இது 6 அல்லது 7 கிராம். பாக்கெட்டைப் பிரித்தபிறகு காற்றுப் புகாத டப்பாவில் பிரீசரில் வையுங்கள். பழசா புதுசா என்று சந்தேகம் வந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் அரை டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டவில்லை என்றால் அது செத்துவிட்டது, மைதாவை வீணாக்க வேண்டாம்.

சரி, அளவுக்கு வருவோம். பன்னிரண்டு பன்னுக்கு மைதா 500 கிராம், பால் 300 மில்லி, சர்க்கரை 50 கிராம், பொடி உப்பு 8 கிராம், வெண்ணெய் 40 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் வெயில் காலத்தில் 4 கிராம், மார்கழி தையில் 6. தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். மைதாவை டம்ளரில் அள்ளினால் அழுத்தி அள்ளுகிறவருக்கும் தளர அள்ளுகிறவருக்கும் 30, 40 கிராம் வித்தியாசம் வந்துவிடும். தராசே இல்லாவிட்டால் உப்பும் ஈஸ்ட்டும் தலா ஒன்றரை டீஸ்பூன் என்பது ஏறத்தாழச் சரியாக வரும். உப்பைக் குறைக்காதீர்கள். அது ருசிக்கு மட்டும் இல்லை, ஈஸ்ட்டின் ஓட்டத்தைக் கட்டிப் பிடிப்பதும் குளூட்டனை இறுக்குவதும் அதுதான். வெண்ணெய்க்கு ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் விடவேண்டாம். மிஞ்சிய உருண்டையைப் பன் வெந்ததும் மேலே தேய்க்கலாம், அந்த வாசனைக்கே பசங்க வந்து நிற்பார்கள்.

வெண்ணெயை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதையெல்லாம் கலந்து, காய்ந்த மாவு எங்கும் தெரியாதபடி ஒன்றுசேர்த்து, மூடி, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பரோட்டா மாஸ்டர்கள் மாவைப் பிசைந்து ஊறவிடுகிறார்களே, அதே காரணம்தான். சும்மா கிடக்கும்போதே மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு குளூட்டன் பாதி கட்டிவிடும், கைக்கு வேலை மிச்சம். அப்புறம் பத்து நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, கால்சுற்றுத் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். வெண்ணெயைக் கடைசியில் ரெண்டு தவணையாகச் சேருங்கள். சேர்த்ததும் மாவு வழுக்கிப் பிரிந்து கலைந்தாற்போல் ஆகும், பயப்படாமல் பிசைந்துகொண்டே இருந்தால் இரண்டு நிமிடத்தில் கூடிவரும்.

ஆயிற்றா என்று பார்க்க, எலுமிச்சை அளவு எடுத்து நாலு விரலாலும் மெள்ள மெள்ள விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழியாமல் சவ்வுபோல் விரிந்து, பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரிந்தால் போதும். நூல் நூலாகக் கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். நம் பக்கத்து டேபிள் டாப் கிரைண்டர் பலவற்றில் மாவு பிசையும் கத்தி ஒன்று கூடவே வருகிறது, பாதி வீடுகளில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கோயமுத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய சாமான் என்று பெருமைப்படுகிறோம், அந்தக் கத்தியையும் வெளியே எடுப்போம்! ஆறு நிமிடத்தில் பிசைந்துவிடும். ஆனால் மெஷின் மாவைச் சூடாக்கும், அதனால் மேலே சொன்ன கணக்கில் 2-க்குப் பதில் 6 கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது தடவையின் கல். மாவு கையில் ஒட்டுகிறது என்று மேலே மேலே மைதாவைத் தூவியிருப்பீர்கள். முதல் ஐந்து நிமிடம் அது ஒட்டத்தான் செய்யும். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் தூவினாலே 500-க்கு 300 என்று இருந்த ஈரம் 550-க்கு 300 ஆகிவிடுகிறது. சப்பாத்தி மாவின் பதம் அது, பன்னுக்கு ஆகாது. பன் மாவு காதுமடலைத் தொட்டாற்போல் இருக்க வேண்டும். கையில் ஒட்டினால் மைதாவுக்குப் பதில் கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கல்லாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அடுப்பு போதாத சூட்டில் இருந்து, நிறம் வரட்டும் என்று நாற்பது நிமிடம் விட்டால் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் வற்றிவிடும். என் முதல் அடுப்பு அப்படித்தான். திருகில் 200 வைத்தால் உள்ளே 150 தான் வந்தது. கடையில் கொண்டுபோய்ச் சொன்னதற்கு, “வீட்டு பன்னுன்னா அப்படித்தானுங்க இருக்கும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருசம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்த அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. நீங்களும் உங்கள் அடுப்பை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிசைந்த மாவைப் பக்கம் நேராக நிற்கும் பாத்திரத்தில் போடுங்கள். நான் பழைய எவர்சில்வர் தூக்குப்போசியில் போடுவேன். வாய் அகன்ற குண்டாவில் போட்டால் இரண்டு மடங்கு ஆனதா என்று கண்ணுக்குத் தெரியாது. மாவு இருக்கும் உயரத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. சித்திரையில் முப்பது நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள், நாற்பதுக்குள் ஆகிவிடும். மார்கழியில் ஒன்றரை மணி கூட ஆகும். விரலைக் காய்ந்த மைதாவில் தோய்த்து, பொங்கிய மாவில் ஒரு கணு ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் ஆகிவிட்டது. உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். குத்தியதும் சுற்றுவட்டமே புஸ்ஸென்று இறங்கினால் தாண்டிவிட்டது. உங்கள் இரண்டாவது தடவை இதுதான் நடந்தது. குளூட்டன் பலூன் மாதிரி, ஓரளவுக்குத்தான் தாங்கும். ஏற்கெனவே முழுக்க விரிந்து நின்ற மாவை அடுப்பில் வைத்ததும் வாயு இன்னும் விரிய, தாங்காமல் அமுங்கிவிட்டது. முதல் பொங்கலில் தாண்டிவிட்டால் மனசை விடவேண்டாம். நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு உருட்டுங்கள், இரண்டாவது பொங்கலில் உஷாராக இருந்தால் பன் தப்பித்துவிடும், ருசி மட்டும் கொஞ்சம் புளிக்கும்.

ஆனி ஆடியில் இன்னொரு தொல்லை நமக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உடுமலை, பல்லடம் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். அந்தக் காற்று பட்டால் பத்து நிமிடத்தில் மாவின் மேல்தோல் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். காய்ந்த தோலை மாவு தூக்க முடியாமல் ஒரு பக்கமாகப் பிளந்துகொண்டு போகும். ஈரிழைத் துண்டு ஒன்றை நனைத்து, சொட்டாமல் பிழிந்து மேலே போட்டு, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மாவில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கிய மாவை 75 கிராம் வீதம் பன்னிரண்டாக வெட்டுங்கள். உருட்டுவதில்தான் பன்னின் உருவம் இருக்கிறது. மைதா தூவாத மேடையில் உருண்டையை வைத்து, கையைக் கூடு மாதிரி அதன்மேல் கவிழ்த்து, விரல்நுனி மேடையைத் தொட்டபடி சிறு வட்டமாகச் சுற்றுங்கள். அடிப்பக்கம் மேடையில் லேசாகப் பிடித்துக்கொள்ளும், மேல்தோல் இழுத்துக் கட்டிக்கொண்டு வரும். ஏழெட்டுச் சுற்றில் உருண்டை வழவழவென்று விறைத்து நிற்கும். அந்த விறைப்பு இல்லாவிட்டால் பன் மேலே எழும்பாமல் தட்டையாகப் பரவிவிடும். தட்டில் ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், பொங்கியதும் பக்கத்துப் பன்னோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பக்கம் பஞ்சாக இருக்கும். மறுபடி துண்டைப் போர்த்தி, சித்திரையென்றால் இருபத்தைந்து நிமிடம். இந்தத் தடவை விரலால் தொட்டால் குழி மெள்ள, பாதி அளவுக்குத் திரும்பி வரவேண்டும். முழுக்கப் பொங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

அடுப்பைப் பதினைந்து நிமிடம் முன்பே மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் எரியும்படி 190-இல் வைத்துவிடுங்கள். பன்மேல் பால் தடவி, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்தால் பதினாறிலிருந்து பதினெட்டு நிமிடம். மேலே சீக்கிரம் நிறம் பிடித்தால் ஒரு அலுமினியத் தாளை லேசாகக் கவிழ்த்து வையுங்கள். இதே மாவை அச்சில் போட்டு முழு பிரெட்டாகச் செய்தால் 180-இல் முப்பத்தைந்து நிமிடம். வெந்ததா என்று பார்க்க, அச்சிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டுங்கள், முற்றிய தேங்காயைத் தட்டினாற்போல் உள்ளே கூடு ஓசை வரவேண்டும். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 93, 94 காட்டும். பிரெட்டைச் சூட்டோடு வெட்டாதீர்கள். உள்ளே மாவு இன்னும் இறுகிக்கொண்டிருக்கும், கத்தி போட்டால் களி மாதிரி அப்பிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுங்கள். பன்னுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, வெண்ணெய் தடவி, துணி போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுப் பிய்த்துத் தின்னலாம்.

நடுவில் கரண்ட் போய்விட்டால்? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதுதான் நல்லது. சொல்லாமல் போய்விட்டால், உருட்டி வைத்த தட்டை அப்படியே பிரிட்ஜில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுங்கள், ஓரிரு மணி நேரம் தாங்கும்.

பிரிட்ஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூட நாளில் காலையில் சூடான பன் வேண்டும் என்றால் இதுதான் வழி. ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைத்து, ராத்திரி எட்டரைக்குப் பிசைந்து, அரை மணி நேரம் வெளியே விட்டு, மூடிபோட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் ஈஸ்ட் அரைத்தூக்கத்தில் வேலை செய்யும். ராத்திரி முழுக்க மெள்ளப் புளிப்பதால் ருசி ஒரு படி மேலே இருக்கும். காலை ஐந்தரைக்கு எடுத்து உருட்டினால், குளிர்ந்த மாவு இரண்டாவது பொங்கலுக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். ஏழு மணிக்குள் பன் தட்டில் இருக்கும். எனக்கு நம் ஊர் வெயிலில் நேரடிப் பொங்கலைவிட இதுதான் பிடித்திருக்கிறது. சித்திரையில் இதை மட்டும்தான் செய்கிறேன்.

கோதுமைக்கு வருவோம். செய்யலாம், ஆனால் முதலில் பாதிக்குப் பாதி. மில்லில் அரைத்த கோதுமை மாவில் தவிடு இருக்கிறது, அது குளூட்டன் இழைகளைக் குறுக்கே வெட்டும். கல்லில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்களும் நிறைய உடைந்துவிடுவதால், அதிகத் தண்ணீர் குடிக்கும். 250 மைதா, 250 கோதுமை என்றால் பாலை 300-லிருந்து 330, 340 ஆக்குங்கள். முதல் ஊறலை இருபதுக்குப் பதில் நாற்பது நிமிடமாக்குங்கள், தவிடு ஊறிப் பதமாகும். முழுக் கோதுமையில் பேக்கரி பன்னின் உயரம் வராது. அது வேறு பண்டம், கொஞ்சம் அடர்த்தி, கோதுமை வாசனை, அதற்கென்று ஒரு ருசி. பசங்களிடம் பேக்கரி பன் மாதிரியே இருக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், முதல் கடியிலேயே தள்ளிவிடுவார்கள்.

ராகி சேர்க்க ஆசையென்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. ராகியில் குளூட்டன் கிடையாது, அப்படியே கலந்தால் மாவு கட்டாமல் உதிரும். ஆனால் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் கதையே மாறிவிடும். 30 கிராம் ராகி மாவை, மொத்தப் பால் 300-இல் இருந்தே 150 மில்லி எடுத்துக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிண்டுங்கள். கரண்டி இழுத்த தடம் நிற்கும் கூழ்ப்பதம் வந்ததும் இறக்கி முழுக்க ஆறவிட்டு, மீதிப் பாலோடு மாவில் சேருங்கள். வெந்த மாவு தண்ணீரை உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும், பன் மூன்று நாளானாலும் காயாது. ஜப்பானிலும் சீனத்திலும் கோதுமை மாவை இப்படிக் கூழாக்கிச் சேர்த்துத்தான் அந்தப் பஞ்சு பிரெட்டைச் செய்கிறார்கள். கூழ் காய்ச்ச நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேங்காய் பன் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, ஒரு ஸ்பூன் நெய்யில் ஒப்புட்டு (போளி) பூரணம் மாதிரி ஈரம் வற்றக் கிண்டி ஆறவையுங்கள். ஈரம் இருந்தால் பன்னின் அடி வேகாது. உருண்டையைத் தட்டி நடுவில் வைத்து, ஓரத்தைக் கூட்டிக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். காரம் வேண்டுமென்றால் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி ஆறவைத்து மாவிலேயே கலந்துவிடலாம், பச்சையாகப் போட்டால் தண்ணீர் விடும். மாவுக்கே வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடுவதானால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவைத்துச் சேருங்கள், அந்தத் தண்ணீரளவு பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் நேரே போட்டால் பால் திரிந்துவிடும். பட்டைப்பொடியை மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டாம், அது ஈஸ்ட்டை மந்தப்படுத்தும். வேண்டுமானால் பூரணத்தில் போடுங்கள்.

பேக்கரி பன் அவ்வளவு மெதுவாக இருக்கிறதே, ஏதாவது கலக்கிறார்களா என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். மாவைப் பதப்படுத்தும் பொடிகள் சேர்ப்பது உண்டு. முன்பு பொட்டாசியம் புரோமேட் சேர்க்கவும் அனுமதி இருந்தது, 2016-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் மெதுவுக்கு முக்கியக் காரணம் பெரிய மெஷினின் பிசைவும், தாராளமான கொழுப்பும், சரியான சூட்டில் பொங்கவிடுவதும்தான். நாலு மணிக்குப் பேக்கரியில் டீயோடு தின்னும் சூடான பன்னுக்கு நான் எதிரி இல்லை. வீட்டில் செய்தால் உள்ளே என்ன போகிறது என்று நமக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

கடைசியாக, திங்கட்கிழமை டிபன் பாக்ஸ். ஆகும். ஆனால் ஞாயிறு ராத்திரி பன்னைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவதால்தான் பன் காய்கிறது, அந்த இறுகல் பிரிட்ஜின் குளிரில்தான் ரொம்ப வேகமாக நடக்கும். முழுக்க ஆறியதும் டப்பாவில் மூடி வெளியிலேயே வையுங்கள், ஒருநாள் தாராளமாகத் தாங்கும். ஐப்பசி மழையில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும், அப்போது மிச்சத்தைப் பிரீசரில் போட்டுவிடுங்கள். அந்த உறைகுளிர் பன்னைக் காயவிடாது. காலையில் இட்லிக் குண்டாவில் தட்டுமேல் துணி விரித்து, பன்னை வைத்து ஒரு நிமிடம் ஆவி காட்டினால் செய்த அன்றைக்கு இருந்த மெது திரும்ப வந்துவிடும். ஆவி காட்டியதும் ஐந்து நிமிடம் தட்டில் ஆறவிட்டுத்தான் டிபன் பாக்ஸை மூடுங்கள். சூட்டோடு மூடினால் மத்தியானம் திறக்கும்போது அடிப்பக்கம் நசநசவென்று ஊறியிருக்கும்.